மைத்ரேயரின் கேள்வி

ஜலதோஷத்துக்கு மருந்து சாப்பிட்டால் ஏழு நாளில் குணமாகும்; சாப்பிடாவிட்டால் ஒரு வாரம் ஆகும். இந்த ஜோக்கை நீங்கள் கேட்டிருப்பீர்கள். டாக்டர்களே சொல்லிச் சிரிப்பார்கள். இதற்கு என்ன வயசிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம்.

ஆயுர்வேதத்தின் ஆதார நூலான சரக சம்ஹிதையில், சூத்திர ஸ்தானம் என்ற முதல் பகுதியின் பத்தாவது அத்தியாயத்தில் இது இருக்கிறது. ஜோக்காக இல்லை, சீரியஸான கேள்வியாக. ஆசிரியர் ஆத்ரேயர் வைத்தியத்துக்கு நாலு கால்கள் என்று பாடம் எடுக்கிறார்: வைத்தியர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிக்கும் ஆள், நோயாளி. ஒவ்வொரு காலுக்கும் நாலு லட்சணம், ஆகப் பதினாறு. இந்தப் பதினாறும் சரியாக அமைந்தால் நோய் தீரும் என்கிறார்.

(திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளும் இதே நாலைத்தான் சொல்கிறது. ஞாபகம் வரவில்லை என்றால் வீட்டில் பத்தாவது படிக்கிற பிள்ளையைக் கேளுங்கள்.)

அப்போது மைத்ரேயர் என்பவர் மறுக்கிறார். அவர் சொல்வதன் சாரம் இது. நல்ல வைத்தியர், நல்ல மருந்து, எல்லாம் இருந்தும் சிலர் பிழைக்கிறார்கள், சிலர் செத்துப்போகிறார்கள். எதுவுமே இல்லாமலும் சிலர் பிழைக்கிறார்கள், சிலர் சாகிறார்கள். அப்படியானால் வைத்தியம் பார்த்ததற்கும் பார்க்காததற்கும் என்ன வித்தியாசம்?

இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால், மருத்துவப் புத்தகம் ஒன்றின் நடுவில், 'உங்கள் மருத்துவம் உண்மையிலேயே வேலை செய்கிறதா?' என்று ஒருத்தர் கேட்கிறார். அந்தக் கேள்வியைப் புத்தகத்தை எழுதினவர்களே எடுத்து வைத்துப் பாதுகாத்திருக்கிறார்கள். சரக சம்ஹிதையின் 120 அத்தியாயங்களில் என்னை மிகவும் அசத்தின இடம் இதுதான். மூன்று தோஷங்களும் ஆறு சுவைகளும் அப்புறம்தான்.

ஆத்ரேயரின் பதில் என்ன? கீழே விழுந்தவன் தானாகவே எழுந்திருக்கக்கூடும். ஆனால் ஒருவர் கை கொடுத்தால் சிரமமில்லாமல், சீக்கிரமாக எழுந்திருப்பான். வைத்தியம் அந்தக் கை மாதிரி. வைத்தியம் பார்த்தும் செத்தவர்கள்? எல்லா நோயும் தீரக்கூடியதல்ல. அவர்களுக்கு வந்தது தீராத நோய்.

பதிலின் முதல் பாதி அழகு. உடம்பு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும், வைத்தியர் துணைக்குத்தான் என்கிற அடக்கம் அதில் இருக்கிறது. இரண்டாவது பாதியில் ஓர் ஓட்டை. பிழைத்தால் மருந்தின் மகிமை, செத்தால் தீராத நோய் என்றால் மருந்து எப்போதுமே தோற்காது. டாஸில் தலை விழுந்தால் எனக்கு ஜெயம், பூ விழுந்தால் உனக்குத் தோல்வி என்பது மாதிரி. மைத்ரேயர் திருப்தியானாரோ இல்லையோ, நமக்கு முழுத் திருப்தி இல்லை.

ஆயுர்வேதம் நோயைப் பற்றிச் சொல்லும் எல்லாவற்றிலும் இந்த அழகும் ஓட்டையும் சேர்ந்தே வருகின்றன.

அடிப்படையை நீங்கள் அறிவீர்கள். வாதம், பித்தம், கபம். வெறும் காற்று, பித்தநீர், சளி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உடம்பில் அசைவதெல்லாம் வாதத்தின் வேலை. செரிப்பது, சூடாவது, மாறுவது பித்தத்தின் வேலை. ஈரம், வழுவழுப்பு, உறுதி கபத்தின் வேலை. மூன்றும் அதனதன் அளவில் இருந்தால் ஆரோக்கியம். ஒன்று ஏறினாலும் இறங்கினாலும் நோய். வயிற்றில் இருக்கும் அக்னி சாப்பாட்டைச் சரியாகச் செரிக்காவிட்டால் ஆமம் என்ற அரைகுறைப் பொருள் சேர்ந்து வழிகளை அடைக்கிறது. சிகிச்சை என்பது எதிர்க் குணத்தைக் கொடுப்பது: சூட்டுக்குக் குளிர்ச்சி, வறட்சிக்கு எண்ணெய், கனத்துக்கு லேசு.

இதற்குப் புத்தகமே வேண்டாம், நம் வீட்டுச் சமையலறை போதும். மாம்பழம் சூடு, மோர் குளிர்ச்சி, உருளைக்கிழங்கு வாய்வு, 'பித்தம் தலைக்கேறிடுச்சா?' என்ற திட்டு. நம் சித்த வைத்தியமும் வளி, அழல், ஐயம் என்று இதே மூன்றைச் சொல்கிறது. நோய் என்பது வெளியே இருந்து வந்த எதிரி அல்ல, உனக்கும் உன் சாப்பாட்டுக்கும் உன் தூக்கத்துக்கும் உன் பருவத்துக்கும் நடுவில் வந்த பிணக்கு என்கிற பார்வை இது. அதனால்தான் ஆயுர்வேத வைத்தியர் 'என்ன சாப்பிட்டீங்க, எப்போ தூங்கினீங்க, மனசுல என்ன கவலை?' என்று அரை மணி நேரம் கேட்கிறார். கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டே நாலு டெஸ்ட் எழுதிக்கொடுக்கும் அவசர டாக்டரிடம் போய்விட்டு வந்தவர்களுக்கு இந்த அரை மணி நேரமே பாதி மருந்து. இதைக் கேலி செய்கிறவர்கள் நோயாளியாக இருந்ததே இல்லை என்று அர்த்தம்.

ஆனால் எல்லாவற்றையும் விளக்கும் தத்துவத்தோடு கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மூட்டு வலியா, வாதம். எண்ணெய் தேய்த்துச் சரியானால் வாதம் அடங்கியது. சரியாகவில்லையா, கூடவே கபமும் சேர்ந்திருக்கிறது. இப்படிப் போனால் எந்த நோயாளியாலும் இந்தத் தத்துவத்தைப் பொய் என்று நிரூபிக்க முடியாது. எந்தக் காலத்திலும் தப்பே ஆகாத ஜோசியத்தை நீங்கள் நம்புவீர்களா?

பிரஞ்ஞாபராதம் என்று இன்னொரு கருத்து. தெரிந்தே செய்யும் தப்பு என்று தமிழில் சொல்லலாம். சர்க்கரை ஏறும் என்று தெரிந்தும் இரண்டாவது ஜாங்கிரியை எடுப்பது. நோய்களுக்கு இதை ஒரு முக்கியக் காரணமாகச் சரகர் வைக்கிறார். மனித சுபாவம் தெரிந்தவர் எழுதினது. ஆனால் இதுவே எல்லை மீறினால் நோயாளி குற்றவாளி ஆகிவிடுகிறார். ரத்தப் புற்றுநோய் வந்த நாலு வயசுக் குழந்தை தெரிந்து என்ன தப்பு செய்தது? அதற்குப் பூர்வ ஜன்ம வினை என்று இன்னொரு கதவையும் சம்ஹிதை திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கதவு வழியாக நான் வரமாட்டேன்.

சரி, தத்துவம் தப்பாகலாம் என்ற சந்தேகம் அவர்களுக்கே வரவில்லையா? வந்தது. கங்கைக் கரையில் பாஞ்சால நாட்டின் தலைநகர் காம்பில்யம். கோடைக்காலத்தின் கடைசியில் ஆத்ரேயர் சிஷ்யர்களோடு நடந்துகொண்டிருக்கிறார். நாட்டையே அழிக்கும் கொள்ளைநோய் பற்றிப் பேச்சு வருகிறது. அக்னிவேசர் கேட்கிறார்: ஒவ்வொருவர் உடம்புவாகும் வேறு, சாப்பாடு வேறு, வயசு வேறு, மனசு வேறு. அப்படியிருக்க ஒரே நோய், ஒரே சமயத்தில், ஊரையே எப்படி வாரிக்கொண்டு போகிறது?

தங்கள் தத்துவத்தின் அடிமடியிலேயே கைவைக்கும் கேள்வி. நோய் என்பது அவரவர் தோஷங்களின் பிணக்கு என்றால் கொள்ளைநோயே வரக் கூடாது. ஆத்ரேயர் மழுப்பவில்லை. மனிதர்கள் வேறு வேறாக இருந்தாலும் எல்லோருக்கும் பொதுவானவை நாலு இருக்கின்றன என்கிறார். காற்று, தண்ணீர், நிலம், காலம். அவை கெட்டால் ஊரே படுக்கும். அவை ஏன் கெடுகின்றன? அதர்மத்தால். ஆளுகிறவர்கள் வழி தவறினால் அதிகாரிகளும் ஜனங்களும் வழி தவறுவார்கள், மழை பொய்க்கும், தண்ணீர் கெடும் என்று போகிறது பட்டியல். கிருமி அவர்களுக்குத் தெரியாது. மைக்ராஸ்கோப் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் இருந்தன. ஆனால் தண்ணீர் கெட்டால் அரசாங்கத்தைக் கேள் என்பது தெரிந்திருக்கிறது. விமான ஸ்தானத்தின் மூன்றாவது அத்தியாயம். நகராட்சி கமிஷனர்கள் படிக்க வேண்டியது.

அந்தக் காலத்துச் சபை எப்படி நடந்தது என்பதையும் பார்க்கலாம். மனிதன் எதிலிருந்து உண்டானானோ அதிலிருந்துதான் நோயும் உண்டாகிறதா என்று காசி அரசர் வாமகர் கேட்கிறார். ஒருவர் ஆத்மா என்கிறார், ஒருவர் மனசு, ஒருவர் தாய் தந்தை, ஒருவர் கர்மம், ஒருவர் சுபாவம், ஒருவர் காலம். எல்லோரையும் பேசவிட்டுக் கடைசியில் ஆத்ரேயர் சொல்கிறார்: செக்கு சுற்றுகிறவன் மாதிரி அவரவர் கட்சியைப் பிடித்துக்கொண்டு சுற்றாதீர்கள், போய்ச் சேரமாட்டீர்கள் என்று. எந்த வஸ்துக்கள் நல்லபடி சேர்ந்து மனிதனை உண்டாக்குகின்றனவோ, அவையே கெட்டபடி சேர்ந்தால் நோய் என்பது அவர் தீர்ப்பு. நம் டி.வி. விவாதங்களுக்கு இந்தச் செக்கு உவமையை இலவசமாக வழங்கலாம்.

அதற்காகச் சம்ஹிதையைப் பகுத்தறிவுப் பொக்கிஷம் என்று தலையில் வைத்து ஆடவும் வேண்டாம். இந்திரிய ஸ்தானம் என்று 12 அத்தியாயங்கள் சாவின் அறிகுறிகளைச் சொல்கின்றன. சில, படுக்கையருகில் நின்று கூர்ந்து பார்த்தவர்களின் குறிப்புகள். சில, வைத்தியரைக் கூப்பிட வந்த ஆள் எந்தக் கோலத்தில் வந்தான், நோயாளி என்ன கனவு கண்டான் என்பதை வைத்துச் சொல்லும் சகுனங்கள். மந்திரமும் மணியும் சிகிச்சையில் ஒரு வகையாகவே வருகின்றன. ஆயுர்வேதம் என்றாலே சுத்த சைவம் என்று நினைப்பவர்கள், இளைத்துப்போகும் நோய்க்கு அது சிபாரிசு செய்யும் மாமிச ரசங்களைப் படித்தால் திடுக்கிடுவார்கள். பல கைகள் எழுதின புத்தகம் இது. அக்னிவேசர் எழுதி, சரகர் திருத்தி, கிடைக்காமல் போன 41 அத்தியாயங்களைத் த்ருடபலர் பின்னால் சேர்த்து முடித்தார். சகுனமும் சந்தேகமும் ஒரே கட்டில் இருப்பதில் ஆச்சரியமில்லை.

சமஸ்கிருதம் தெரியாதவர்கள் எம்.எஸ். வலியத்தானின் 'தி லெகஸி ஆஃப் சரகா' (2003) படிக்கலாம். வலியத்தான் இதய அறுவை சிகிச்சை நிபுணர். திருவனந்தபுரத்தில் இந்தியாவின் சொந்த இதய வால்வு உருவாகக் காரணமாக இருந்தவர். சரகரை இன்றைய மொழியில் மறுபடி சொல்கிறார். வால்வு செய்தவர் கஷாயத்தைப் பற்றி மரியாதையோடு எழுதுவதே ஓர் ஆறுதல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆத்ரேயர் பதிலில் ஓட்டை இருக்கிறது என்றேன். ஆனால் அந்த ஓட்டையிலும் ஒரு நேர்மை இருந்தது. நோய்களை அவர் நாலாகப் பிரிக்கிறார்: சுலபமாகத் தீரும், கஷ்டப்பட்டுத் தீரும், தீராது ஆனால் சமாளிக்கலாம், கைவைக்கவே கூடாது. நாலாவதைத் தொடும் வைத்தியன் பணம், படிப்பு, பேர் எல்லாவற்றையும் இழப்பான் என்று எச்சரிக்கை வேறு. 'என்னால் முடியாது' என்று சொல்லத் தெரிவது வைத்தியத்தில் ஒரு பாடம்.

உதாரணத்துக்கு நீரிழிவையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரமேகம் என்ற தலைப்பில் 20 வகை சொல்கிறார்கள். கபத்தால் வருவது 10, தீரும். பித்தத்தால் வருவது 6, சமாளிக்கலாம். வாதத்தால் வருவது 4, தீராது. சிறுநீர் தேன் மாதிரி இனிக்கும் மதுமேகம் எதில் இருக்கிறது தெரியுமா? கடைசி நாலில். தீராது என்கிறார் சரகர்.

இனி பஸ் ஸ்டாண்ட் சுவரைப் பாருங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் டி.வி.யைப் பாருங்கள். செல்போனைத் திறந்து பாருங்கள். 'சர்க்கரை நோயை நிரந்தரமாகக் குணப்படுத்தும் ஆயுர்வேதம்.' எந்த ஆயுர்வேதம், ஐயா? சரகரே கையை விரித்துவிட்டாரே!

இது சும்மா சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. முதல் வகை நீரிழிவு வந்த குழந்தைக்கு இன்சுலினை நிறுத்திவிட்டுக் கஷாயம் கொடுத்தால் சில நாட்களிலேயே உயிர் போகலாம். ஆரம்பத்திலேயே வெட்டி எடுத்திருக்கக்கூடிய மார்பகக் கட்டி, ஆறு மாசம் லேகியம் சாப்பிட்டுவிட்டு வந்தால் வேறு இடங்களுக்குப் பரவியிருக்கலாம். லேகியம் கெடுதல் செய்யாமலே இருந்திருக்கலாம். கெடுத்தது அந்த ஆறு மாசம். நீரிழிவு உட்படப் பல நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் 1954-லேயே வந்துவிட்டது. எழுபது வருஷம் கழித்து, 2024-ல், பதஞ்சலி ஆயுர்வேத நிறுவனம் தன் விளம்பரங்களுக்காக உச்ச நீதிமன்றத்திடம் மன்னிப்புக் கேட்டுப் பத்திரிகைகளிலும் வெளியிட வேண்டிவந்தது. சட்டம் இருந்தது, கேட்பதற்கு மைத்ரேயர்கள்தான் குறைவு.

மைத்ரேயருக்குச் சரியான பதில் உவமையில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரே மாதிரி நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரி. ஒரு குழுவுக்கு இந்த மருந்து, இன்னொன்றுக்கு வேறு. அப்புறம் எண்ணு. 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர், ஸ்கர்வி வந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமான மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இரண்டு பேர் எழுந்து நடமாடினார்கள். (பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாகக் கொடுக்க ஆரம்பித்தது 1795-ல். அரசாங்கம் எங்கேயும் அரசாங்கம்தான்.)

நம் ஊரிலேயே இதைவிடப் பிரமாதமான உதாரணம் உண்டு. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் டி.பி. என்றால் சானடோரியம். நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை, நர்ஸ். ஆத்ரேயரின் நாலு கால்களும் குறைவில்லாமல் இருக்கும் இடம். ஆனால் அத்தனை பேருக்கும் படுக்கைக்கு எங்கே போவது? நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில். மறு பாதி சென்னையின் நெரிசலான சின்ன வீடுகளில், கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு. இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரைகள், ஒரு வருஷம். 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தினருக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சேத்துப்பட்டுக் கணக்கு ஒரு முக்கியக் காரணம். நாலு காலில் எந்தக் கால் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்பதை எண்ணித்தான் கண்டுபிடிக்க முடியும், ஊகித்து அல்ல.

'அதெல்லாம் அலோபதிக்கு. ஆயுர்வேதத்தில் ஆளுக்கு ஆள் மருந்து வேறு, உங்கள் ட்ரயல் இதற்கு ஒத்து வராது' என்பார்கள். ஒத்து வரும் என்று கோயம்புத்தூரில் செய்தே காட்டினார்கள். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற முடக்குவாதம் வந்த 43 பேர். ஒரு குழுவுக்கு ஆயுர்வேதம், இன்னொன்றுக்கு மெத்தோட்ரெக்ஸேட் என்ற ஆங்கில மருந்து, மூன்றாவதுக்கு இரண்டும். ஆயுர்வேத வைத்தியர் ஆளைப் பார்த்து மருந்தை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் யாருக்கு நிஜ மருந்து, யாருக்கு டம்மி என்பது நோயாளிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. 2011-ல் முடிவு வந்தது: மூன்று குழுக்களும் ஏறக்குறைய சமம். இதைக் கேட்டதும் விசில் அடிக்க வேண்டாம். 43 பேர் ரொம்பக் கம்மி. அவர்களே இதை முன்னோட்டம் என்றுதான் சொன்னார்கள். ஆனாலும் 'ஆயுர்வேதத்தைச் சோதிக்கவே முடியாது' என்ற சாக்கு அன்றோடு போச்சு. அந்தக் கேஸை ஜெயித்தவர்கள் ஆயுர்வேதக்காரர்களே.

சர்ப்பகந்தாவின் கதையும் இப்படித்தான். பைத்தியத்துக்கும் தூக்கமின்மைக்கும் காலம்காலமாகக் கொடுத்துவந்த வேர். 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல், ரத்தக்கொதிப்பு உள்ள 50 பேருக்குக் கொடுத்துக் கவனித்ததை ஆங்கில இதழில் வெளியிட்டார். 1952-ல் அதிலிருந்து ரெசர்பைனைப் பிரித்தெடுத்தார்கள். உலகம் முழுக்க ரத்தக்கொதிப்புக்கு மாத்திரையாகப் போனது. எண்ணிப் பார்த்ததால் வேருக்குக் கிடைத்த கௌரவம் அது. அதே எண்ணிக்கைதான் இன்னொன்றையும் காட்டியது: சிலருக்கு அது கடுமையான மனச்சோர்வைக் கொடுத்தது. மூலிகைதான். இயற்கைதான். சைடு எஃபெக்ட்டும் இயற்கைதான்.

'பக்க விளைவே இல்லை' என்பது சரகர் சொல்லாத வாக்கியம். அவர் சொன்னது நேர் எதிர். சரியாகத் தெரியாத மருந்து விஷத்துக்கும் ஆயுதத்துக்கும் நெருப்புக்கும் சமம்; தெரிந்து கொடுத்தால் கடும் விஷமும் மருந்தாகும். வேலை செய்கிற எதுவும் தப்பாகவும் வேலை செய்யும் என்பது அவருக்குத் தெரியும். 2004-ல் அமெரிக்காவில் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களைச் சோதித்தபோது, ஐந்தில் ஒன்றில், அதாவது 14-ல், ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. பஸ்பங்கள் பிற்காலத்து ரசசாஸ்திரத்தின் வழி வந்தவை, முறைப்படி சுத்தி செய்தால் ஆபத்தில்லை என்பார்கள். இருக்கலாம். முறைப்படி செய்யப்பட்டதா என்று பாட்டிலைப் பார்த்து எப்படித் தெரிந்துகொள்வது?

அரசாங்கம் பார்த்துக்கொள்ளாதா என்கிறீர்களா? நம் மருந்துச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. சரக சம்ஹிதை உட்படப் பழைய நூல்களின் பேர்கள். அவற்றில் இருக்கும் மருந்தை அதில் உள்ளபடியே செய்தால், பலன் தருமா என்பதற்குப் பெரும்பாலும் அந்த நூலே ஆதாரம். புதிதாக ட்ரயல் வேண்டாம். விசித்திரத்தைப் பாருங்கள். கேள்வி கேட்பதைப் பாடமாக வைத்த புத்தகம், கேள்வி கேட்காமல் இருப்பதற்கான சர்ட்டிபிகேட் ஆகிவிட்டது. மைத்ரேயர் இன்று லைசென்ஸ் ஆபீசில் போய்க் கேட்டால், 'உங்க பேருதான் அந்தப் புஸ்தகத்துலேயே இருக்கே சார், அப்புறம் என்ன சந்தேகம்?' என்று அனுப்பிவிடுவார்கள்.

எல்லோரும் அப்படி இல்லை. பனாரஸ் ஹிந்து பல்கலைக்கழகத்தில் ஆயுர்வேதம் கற்பிக்கும் பேராசிரியர் கிஷோர் பட்வர்தன், 2022-ல் மருத்துவ அறவியல் இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை எழுதினார். பழைய சுலோகங்களுக்குள் நவீன உடலியலை வலிந்து திணித்துப் பாடம் சொல்லிவந்ததை அவரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். சரகரைக் காப்பாற்றுகிறவர்கள் இப்படிப்பட்டவர்கள்தான். சுவரில் விளம்பரம் எழுதுகிறவர்கள் அல்ல.

நியாயமாகச் சொன்னால் ஆங்கில மருத்துவமும் யோக்கியம் என்று நெஞ்சை நிமிர்த்த முடியாது. வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்ட்டிபயாட்டிக் எழுதுகிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். தேவையில்லாத ஸ்கேன், தேவையில்லாத ஆபரேஷன் எல்லாம் உண்டு. வித்தியாசம் ஒன்றுதான். அங்கே தப்பைக் கண்டுபிடிக்கும் இயந்திரம் ஒன்று, கிரீச்சிட்டுக்கொண்டாவது ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் கொண்டாடின மாத்திரையைப் பிற்காலத்தில் வாபஸ் வாங்குகிறார்கள். வேலை செய்யவில்லை என்று தெரிந்து, சம்ஹிதை மருந்துகளின் பட்டியலிலிருந்து ஒரு கஷாயத்தையாவது வெளியே தள்ளியிருக்கிறார்களா என்று தெரிந்த வைத்தியரைக் கேட்டுப் பாருங்கள். தோற்கத் தெரியாத மருந்துக்கு ஜெயிக்கவும் தெரியாது.

ஆயுர்வேதத்தை விடச் சொல்லவில்லை. எண்ணெய்க் குளியலையோ இஞ்சிக் கஷாயத்தையோ ராத்திரி சீக்கிரம் படுப்பதையோ யாரும் ட்ரயலுக்காகத் தள்ளிப்போட வேண்டாம். நாள்பட்ட வலிக்கு நல்ல வைத்தியர் கையில் ஆறுதல் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட நோய் என்றால், இன்சுலினையோ பி.பி. மாத்திரையையோ நிறுத்தச் சொன்னால், மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, இந்த மருந்து சாப்பிடாதவர்களுக்கும் இதே குணம் தெரிகிறதா, யாராவது எண்ணிப் பார்த்தார்களா? இரண்டு, இந்த மருந்தால் யாருக்கு என்ன கெடுதல் வந்தது? மூன்று, எந்த நோயை உங்களால் குணப்படுத்த முடியாது?

மூன்றாவது கேள்விக்கு ஒரு பட்டியலே சொன்னால் அவர் சரகரைப் படித்தவர், தைரியமாக உட்காருங்கள். 'எங்ககிட்ட எல்லாத்துக்கும் மருந்து இருக்கு' என்றாரானால், செருப்பை எங்கே விட்டீர்கள் என்று பாருங்கள்.